கணக்குப் பார்க்கிறவள்

கி. ராஜநாராயணனின் ‘கன்னிமை’யைப் படித்த யாருக்கும் நாச்சியார் மேல் ஓர் ஏக்கம் தங்கிவிடும். கல்யாணத்துக்கு முந்திய நாச்சியார் மேல்தான். வந்தவர் போனவர், வேலையாள் என்று பாராமல் அள்ளிக் கொடுக்கிற கை அவளுக்கு. கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் பெற்றபின் அதே நாச்சியார் வரவு செலவு எழுத உட்காருகிறாள். காசு எண்ணுகிறாள். புருஷனுக்கு உடம்புக்கு ஆகாத நேரத்திலும் அவள் கவனம் கணக்கில் இருக்கிறது. இவளிடமிருந்து எதுவோ போய்விட்டது என்று அவனுக்குப் படுகிறது. அந்த ‘எதுவோ’வுக்குத்தான் கதை கன்னிமை என்று பெயர் வைக்கிறது.

எம்.ஏ. வகுப்பில் இந்தக் கதை பேச்சில் வந்தபோது நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். தாம்பத்தியம் பெண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, உடைமை மனுஷியைச் சுருக்கிவிடுகிறது என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம். இத்தனை வருஷம் கழித்துத் திரும்பப் படிக்கிறபோது வேறொன்று உறுத்துகிறது. கதை இரண்டு வாய்களால் சொல்லப்படுகிறது. ஒருவன் அவளைச் சகோதரியாகப் பார்க்கிறவன். மற்றவன் புருஷன் ரங்கையா. அவள் கொடுத்ததற்கு ஒரு சாட்சி, எண்ணியதற்கு ஒரு சாட்சி. எதற்காக எண்ணினாள் என்று அவள் வாயால் சொல்ல மூன்றாவது பகுதி என்று ஒன்று இந்தப் பிரதியில் கிடையாது. இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணின் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கைக்குச் சொந்தக்காரி கணக்கு நோட்டில் குனிந்திருக்கிறாள்.

கி.ரா.வைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. பிரதி தன் மௌனத்தை ஒளித்துவைக்கவில்லை; அந்த மௌனத்தை நாம்தான் பார்க்கவில்லை. கரிசல் எழுத்தைக் கொண்டாடிய நம் விமர்சனம் கொடுக்கிறவளைத் தெய்வமாக்கி, எண்ணுகிறவளைக் கருமியாக்கியது. மழை பொய்க்கிற பூமியில், கடன் இல்லாமல் ஒரு வருஷத்தைத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிற ஒரு வாழ்க்கையில், எண்ணுவது என்ன வேலை செய்கிறது என்று நாம் கேட்டதில்லை. ‘பொருளாதாரச் சுதந்திரம்’ என்று இன்றைக்கு நகரத்தில் பேசுகிறார்களே, அதன் கரிசல் வடிவம் எங்கே கிடக்கிறது என்று தேடினால் இந்த நோட்டுப் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது.

*

‘மிச்சம் பிடிக்கிறது’ என்று நாம் சொல்கிறோம். மிச்சம் தானாக இருக்காது. ஓடுகிறதைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். சம்சாரி வீட்டில் அது முதலில் துட்டாக இருந்ததில்லை, விதையாக இருந்தது. குலுக்கையில் வருகிற மழைக்கென்று ஒதுக்கிய கம்போ சோளமோ குதிரைவாலியோ கிடக்கும். பிள்ளைகள் அரைவயிறாகப் படுத்தாலும் அதில் கைவைப்பதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி விதைத்து, தை மாசிக்கு மேல் வீடு வந்து சேருகிற விளைச்சல். வருஷத்துக்கு ஒரு வரவு, பன்னிரண்டு மாசத்துக்கும் செலவு. இந்த ஏற்பாட்டில் சிக்கனம் என்பது குணமோ ஒழுக்கமோ அல்ல, ஒருவகைக் காலக்கணக்கு. தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் வளர்த்த பிள்ளைகள்தான் நம் பெற்றோர். பானையில் அரிசி அள்ளும்போது ஒரு பிடி திரும்பப் போடுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர்களைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கை தானாகவே திரும்பும்.

என் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு புஞ்சைக்காட்டு ஊர். பகலில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குவாள், ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டுவாள். எங்களுக்கு அவள் ‘கருமிப் பெரியம்மா’. பண்டிகைக்குப் போனால் முறுக்கை எண்ணித்தான் வைப்பாள். காப்பி கிடையாது. பஸ் வருகிற நேரத்தில் நடக்க ஆரம்பித்துவிடுவாள். பருத்திமாறைச் சேர்த்துக் கட்டி அடுப்புக்கு அடுக்கிவைத்திருப்பாள்; விறகுக்கென்று அவள் துட்டுக் கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கங்களைத் தைத்து ஒரு நோட்டு வைத்திருந்தாள். அவளுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும், எண் மட்டும் நேராக நிற்கும்.

ஒரு சேலையைப் பார்த்தால் “இது எத்தன குரோசுடா?” என்பாள். குரோஸ் என்றால் நூற்று நாற்பத்துநாலு பெட்டி. கூலி அந்தக் கணக்கில்தான். விலையை ரூபாயில் கேட்டுக்கொண்டு, மனசுக்குள் பெட்டியாக மாற்றி, எத்தனை ராத்திரி என்று முடிவு பண்ணிவிடுவாள். அமெரிக்காவில் 1992இல் விக்கி ராபினும் ஜோ டொமிங்கஸும் எழுதிய ஒரு புத்தகம் பெரிய பேர் வாங்கியது. ஒவ்வொரு பொருளின் விலையையும் அதற்காக நாம் கொடுக்கிற வாழ்நாளின் மணிக்கணக்காக மாற்றிப் பார், செலவு தானே குறையும் என்பது அதன் மையமான யோசனை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியம்மாவின் குரோஸ்தான் அங்கே தத்துவமாகியிருக்கிறது.

அக்கா கல்யாணத்துக்கென்று தொண்ணூறுகளின் கடைசியில் பெரியம்மா பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கினாள். மூணு வட்டி. அதாவது நூற்றுக்கு மாசம் மூன்று ரூபாய், மாசா மாசம் முந்நூறு. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வட்டி வீதம்கூட இல்லை, அசலைத் திருப்புகிற நிபந்தனை. கொடுத்தவர் அசலை முழுசாகத்தான் வாங்குவார். “சில்லறை சில்லறையா வாங்கிப் போட நான் என்ன உண்டியலா வச்சிருக்கேன்?” என்பாராம். 

இந்த ஒரு நிபந்தனை சிக்கனத்தை என்ன பாடு படுத்துகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாசம் ஐந்நூறு ரூபாய் ஒதுக்க முடிகிற ஒருத்தி, அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க விட்டால் முப்பத்தொரு மாசத்தில் மீண்டுவிடுவாள். முழுசாகத்தான் தரவேண்டும் என்றால் வட்டி முந்நூறு போக இருநூறு இருநூறாகச் சேர்த்துப் பத்தாயிரமாக்க ஐம்பது மாசம். அதே பெண், அதே சிக்கனம். வித்தியாசம் பத்தொன்பது மாசம். ரூபாயில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு, கிட்டத்தட்ட இன்னொரு அசல். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினது அவள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றது கடன் பத்திரத்தில் எழுதாத ஒரு விதி.

பெரியம்மா என்ன செய்தாள் என்றால் இருநூறை நானூறாக்கினாள். வெத்திலை போனது, சாயங்காலக் கடுங்காப்பி போனது, இன்னும் என்னென்னவோ. சேமிப்பு இரட்டித்தால் காலம் சரிபாதி: இருபத்தைந்து மாசம். சிக்கனம் விடுதலையைத் துரிதப்படுத்தும் என்பது பொய்யில்லை. அடிமட்டத்தில் இருக்கிறவளுக்கு அது கண்கூடான உண்மை. மாசம் மூன்று விழுக்காடு என்றால் வருஷத்துக்கு முப்பத்தாறு. கடனில் இருக்கிறவள் மிச்சம் பிடித்து அடைக்கிற ஒவ்வொரு ரூபாயும் அந்த வேகத்தில் சம்பாதிக்கிறது. எந்த பாங்கும் எந்தப் பங்குச் சந்தையும் அதை உத்தரவாதமாகத் தராது.

ஆனால் அந்த நானூறை அவள் அடுக்குப்பானைக்குள் போடவில்லை. தெருவில் இருபத்தைந்து பொம்பளைகள் சேர்ந்து நானூறு ரூபாய்ச் சீட்டு ஒன்று போட்டார்கள். தள்ளுபடி ஏலம் எல்லாம் கிடையாது, வெறும் குலுக்கல். மாசம் ஒருத்திக்குப் பத்தாயிரம். ஒன்பதாம் மாசம் பெரியம்மா பேர் விழுந்தது. அன்றைக்கே அசலைக் கொண்டுபோய்க் கட்டி, எழுதிக் கொடுத்த தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டு வந்தாள். மிச்சம் பதினாறு மாசம் சீட்டு மட்டும் கட்டினாள், வட்டி கிடையாது. நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் வட்டி மிச்சம். கடைசிச் சீட்டு விழுந்தவளுக்கு இந்த லாபம் இல்லைதான், ஆனால் அவளும் நஷ்டப்படவில்லை.

பெரியம்மாவின் சிக்கனம் ஒரே அளவுதான். ஐம்பதை இருபத்தைந்தாக்கியது அவள் வயிறு. இருபத்தைந்தை ஒன்பதாக்கியது தெரு. எல்லாவற்றையும் தனிமனித ஒழுக்கமாகப் பேசுகிற இன்றைய சொல்லாடலில் இந்த இரண்டாவது பகுதி காணாமல் போய்விடுகிறது.

*

அந்தச் சொல்லாடலின் கணக்கையும் நேர்மையாகப் பார்த்துவிடலாம். வருஷச் செலவைப்போல இருபத்தைந்து மடங்கு சேர்த்துவிட்டால், அதிலிருந்து ஆண்டுக்கு நான்கு விழுக்காடு எடுத்து வேலைக்குப் போகாமல் வாழலாம் என்பது அதன் அடிப்படை. 1994இல் வில்லியம் பெங்கன் என்கிற அமெரிக்க நிதி ஆலோசகர் அந்நாட்டுப் பங்கு, கடன்பத்திரச் சந்தைகளின் பழைய வரலாற்றை வைத்து, முப்பது வருஷ ஓய்வுக்காலத்துக்குப் போட்ட கணக்கின் வழித்தோன்றல் இது. இதில் சிக்கனம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. செலவைக் குறைத்தால் சேமிப்பு கூடுகிறது. கூடவே, சேர்க்க வேண்டிய இலக்கும் குறைகிறது. விலைவாசி போக ஐந்து விழுக்காடு வருமானம் என்று வைத்துக்கொண்டால், வரவில் பத்தில் ஒரு பங்கு சேமிக்கிறவன் ஐம்பத்தொரு வருஷம் உழைக்க வேண்டும்; கால்பங்கு சேமித்தால் முப்பத்திரண்டு; பாதி சேமித்தால் பதினேழு. சம்பளம் எவ்வளவு என்பது கணக்குக்குள் வரவே இல்லை, விகிதம்தான் வருகிறது. இந்த எளிமைதான் அதன் கவர்ச்சி. சென்னையிலும் பெங்களூரிலும் கணினிக் கம்பெனி வேலையில் இருக்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இதை வேதமாகச் சொல்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. நாற்பது வயதுக்குமேல் துரத்திவிடுவார்கள் என்கிற பயம் அவர்களுக்கு நிஜம். முதலாளி முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்கிற தைரியத்துக்கு விலை வைத்துச் சேர்க்கிறார்கள்.

ஆனால் சம்பளம் கணக்குக்குள் வரவில்லை என்பது எளிமை மட்டுமல்ல, ஒரு மறைப்பும்கூட. வயிற்றுக்கு ஒரு தரை உண்டு. அதற்குக் கீழே செலவு இறங்காது. வரவே அந்தத் தரையில் நிற்கிறவளுக்கு விகிதம் என்பது பூஜ்யம். அவளை இன்னும் கொஞ்சம் கஷ்டப்படு என்பது, ஏற்கனவே ஒட்டிய வயிற்றை உதாரணமாகக் காட்டி உபதேசம் பண்ணுவது. தோரோவை எடுத்துக்கொள்ளுங்கள். எளிய வாழ்வின் மூதாதை என்று அவரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வால்டன் குளத்தங்கரையில் 1845இல் குடில் கட்டிக்கொண்டு, இருபத்தெட்டு டாலர் பன்னிரண்டரை சென்ட் செலவு என்று ஆணி வரைக்கும் கணக்கு எழுதினார். அந்தக் கணக்கில் ஒன்று மட்டும் கிடையாது. நிலத்தின் விலை. நிலம் நண்பர் எமர்சனுடையது. எவ்வளவு சிக்கனமாக இருந்தார் என்பதைவிட எதன்மேல் நின்று சிக்கனமாக இருந்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கி.ரா.வின் ‘கதவு’ இந்த இடத்தில் ஞாபகம் வராமல் இருக்காது. பிள்ளைகள் தீப்பெட்டிப் படம் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டி, ஏறி ஆட்டி விளையாடுகிற கதவு. தீர்வை பாக்கிக்காக அதைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் பனி. அந்த வீட்டில் எதைச் சிக்கனம் பண்ணுவது? கதவு இல்லாத வீட்டில் குலுக்கை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? 1958இல் ‘சரஸ்வதி’யில் வந்த ‘மாயமா’னிலோ உழைப்புக்கும் ஆசைக்கும் குறைவில்லாத சம்சாரி கிணற்றுக் கடனில் விழுகிறான். இரண்டிலும் ஊதாரி யாரும் இல்லை. கைக்கு வருமுன்பே எடுத்துக்கொண்டு போய்விடுகிற ஓர் ஏற்பாடு இருக்கிறது. பூமணியின் ‘பிறகு’ அழகிரிக்கு இதுகூட இல்லை. தோல்வேலை செய்கிற அவனுக்கு ஊர் படியளக்கும். களத்தில் யார் எவ்வளவு அளப்பது என்பது அளக்கிறவன் மனசு. படியாக வருகிற தானியத்தை எத்தனை நாள் நீட்டிக்கலாம் என்றுதான் யோசிக்க முடியும். அதை முதலாக்கி ஊரை விட்டு வெளியேறுகிற வழி அந்த அளவைக்குள் இல்லை. துட்டாகக் கூலி வருவதே ஒரு விடுதலை என்பதை அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

*

இதே வறண்ட பூமியில் சிக்கனம் முதலாகிய கதையும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நாணயமாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலான ஊர்களில் நாடார் உறவின்முறைகள் மகமை என்று ஒன்று வைத்திருந்தன. விற்கிற வாங்குகிற சரக்கின்மேல் ஒரு சிறு பங்கு பொதுவுக்கு. பேட்டை, கிணறு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து எழுந்தன. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்தப்பட்ட பள்ளி. பானைக்குத் திரும்பிய அந்த ஒரு பிடிதான் இங்கே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. மறு வருஷம் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் பழகிவந்து, 1923இல் ஊரில் தொடங்கினார்கள். தொழில் பிறகு சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசல் முழுக்கப் பரவியது.

இந்தச் சமூகத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள் ‘சிக்கனக்காரர்கள், செட்டானவர்கள்’ என்று ஒரு குணச்சித்திரத்தை வரைந்து முடித்துக்கொள்வார்கள். வேபர் சொன்ன புரோட்டஸ்டண்டு அறத்தின் உள்ளூர்ப் பதிப்பு மாதிரி. குணம் அல்ல சமாசாரம். 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் வெட்டும் கொள்ளையும் தீயும் பார்த்த ஒரு சாதி, தனித்தனிப் பானையில் இருந்தால் பறிபோகும் என்று அனுபவத்தில் அறிந்து பொதுப்பானை ஒன்று செய்தது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) அந்தக் காலத்தை ஆயிரம் பக்கத்துக்கு மேல் விரிக்கிறது. அதைப் பஞ்சம், கலவரம், சாதி என்று வாசித்தோம். எனக்கு அது உடைமை என்பது எப்படித் திரள்கிறது, எப்படி ஒரு ராத்திரியில் சாம்பலாகிறது என்பதன் நாவலாகவும் படுகிறது.

பொதுப்பானைக்கு ஒரு வாசல் இருந்தது. வாசலில் உறவின்முறை நின்றது. அழகிரி மாதிரியானவர்களுக்கு அதில் பிடியரிசி போடவும் இடமில்லை, எடுக்கவும் இடமில்லை. அந்தப் பொதுப்பானையிலிருந்து எழுந்த தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு அவர்கள் கூலியாக வந்தார்கள், பிள்ளைகளோடு வந்தார்கள். விடியுமுன் ஊர் ஊராக வருகிற ஆபீஸ் வண்டியையும் தூக்கக் கலக்கத்தில் ஏறுகிற பிள்ளைகளையும் தொண்ணூறுகள் வரைக்கும் இந்தப் பக்கம் பார்க்காதவர் இல்லை. பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ அந்தப் பிள்ளைகளின் படம். அந்த வீடுகளில் நடந்ததும் ஒருவகையில் சிக்கனம்தான்: செலவுப் பட்டியலில் வெட்ட வேறெதுவும் இல்லாதபோது பள்ளிக்கூடத்தை வெட்டினார்கள். மானாவாரி பொய்த்த வருஷத்தில் குடும்பம் அதனால் தாக்குப்பிடித்திருக்கலாம். ஆனால் பிள்ளையின் முப்பது வருஷச் சம்பாத்தியத்தை முன்கூட்டியே விற்றுத் தின்ற சிக்கனம் அது. எல்லாச் சிக்கனமும் சுதந்திரத்தை நோக்கிப் போவதில்லை. சிலது எதிர்த் திசையில் ஓடுகிறது, அதுவும் வேகமாக.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2007இல் ஒரு ரூபாயான தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. பதினான்கு வருஷம் அசையாத விலை. குச்சி, மெழுகு, மருந்து, அட்டை, கூலி எல்லாம் அந்த ஒரு ரூபாய்க்குள் அடங்க வேண்டும். நாடு முழுக்க ஒரு பொருள் அவ்வளவு மலிவாக இருந்ததென்றால், எங்கேயோ யாரோ சிக்கனமாக இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களுடைய சிக்கனம் அவர்கள் கைக்கு வரவில்லை.

*

இப்போது கொடுக்கிற கைக்கு வருவோம். கு. அழகிரிசாமியும் கி.ரா.வின் இடைசெவலைச் சேர்ந்தவர்தான். அவருடைய ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தாயம்மாள் தீபாவளிக்கு வாங்கிவைத்த துணியில் புருஷனுக்கென்று இருந்த துண்டை, எங்கிருந்தோ வந்து நிற்கிற அநாதைப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறாள். எத்தனை முறை படித்தாலும் தொண்டை அடைக்கிற இடம். நிதி ஆலோசகரின் கண்ணுக்கு இது செலவு. நம் விமர்சகரின் கண்ணுக்குத் தியாகம். எனக்கு இரண்டுமே போதவில்லை. தாயம்மாள் எண்ணாமல் கொடுத்தவள் இல்லை. வீட்டில் எத்தனை துணி, யாருக்கு எது என்று அவளுக்கு அத்துப்படி. எண்ணித் தெரிந்துவைத்திருந்ததால்தான் எதைக் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. கை தாராளமும் கணக்கும் அவளிடம் எதிரெதிராக நிற்கவில்லை. மொய்யும் செய்முறையும் இருக்கிற ஊரில் கொடுத்தது எல்லாம் கரைந்துபோவதும் இல்லை. நோட்டில் பேரும் தொகையும் எழுதிக் கொடுத்தது பத்து வருஷம் கழித்து ஒரு காதுகுத்தில் திரும்பும். பாங்கு இல்லாத காலத்தில் மனுஷர்கள்மேல் போட்டுவைத்த சேமிப்பு அது. ஆனால் மொய் எழுதுவதற்கென்றே வட்டிக்கு வாங்குகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதை ரொம்பவும் தூக்கிப் பேச வரவில்லை.

நாச்சியாரை இப்படித் திரும்பப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். பிறந்த வீட்டில் அவள் அள்ளிக் கொடுத்தது யாருடைய விளைச்சல்? அப்பன், அண்ணன்மாருடையது. அந்தத் தாராளத்துக்குக் கீழே அவளுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. தனக்குச் சொந்தமில்லாததை அள்ளிக் கொடுக்கிற பருவத்துக்குத்தான் நாம் கன்னிமை என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறோமோ? புருஷன் வீட்டிலும் நிலம் அவள் பேரில் இல்லைதான். ஆனால் நோட்டு அவள் கையில் இருக்கிறது. எது வந்தது, எது போனது, யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அது. ரங்கையாவின் ஏக்கத்தில் எனக்கு அனுதாபம் உண்டு. தலைவலிக்கிறபோது ஒரு கை நெற்றியில் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனாலும் அவனுடைய ஏக்கத்தில் கொஞ்சம் பயமும் கலந்திருக்கிறது என்று படுகிறது.

அதற்காக நாச்சியாரைப் பெண் விடுதலையின் கொடியாக்கிவிடவும் முடியாது. பெரியம்மாவின் சிக்கனமும் நாச்சியாரின் சிக்கனமும் ஒன்றல்ல. பெரியம்மா தன் வெத்திலையை நிறுத்தினாள். பருத்திக்காடு வைத்திருக்கிற ஒரு வீட்டின் எஜமானி கையை இறுக்கினால் முதலில் குறைவது அவள் தட்டு இல்லை. வேலைக்கு வருகிறவளின் மடி. கன்னி நாச்சியாரின் தாராளத்தை அந்த மடிகள்தான் அறியும், அது போனதையும் அவைதான் அறியும். அவர்களுக்கும் கதையில் ஒரு பகுதி கிடையாது. நான் கேட்கிற மூன்றாவது பகுதிக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒன்றும் எழுதப்படாமல் கிடக்கிறது.

*

மகளிர் குழுக்கள் வந்தபிறகு நிலைமை மாறியிருக்கிறதா என்று கேட்பார்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கிய திட்டம் தமிழ்நாடு பூராவும் பரவியது. பெரியம்மாவின் தெருச் சீட்டுக்கு ஒரு பதிவு நோட்டும் பாங்குக் கணக்கும் கிடைத்தன. ஆரம்பத்தில் அது சேமிப்பிலிருந்து தொடங்கியது. முதலில் பிடி, பிறகு கடன். பிற்பாடு வாரத் தவணைக் கம்பெனிகள் வந்து வரிசையைத் தலைகீழாக்கின: முதலில் கடன், பிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. குழு என்கிற அதே வட்டம், அதே பாய், அதே பொம்பளைகள். முன்பு அது ஒருத்தியைத் தூக்கிவிடுகிற ஏற்பாடு; இப்போது ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்கிற ஏற்பாடு. கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டம் வந்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீயில் எரிந்ததும் நடந்தது. இதற்குமேல் அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

பெரியம்மா செத்து எட்டு வருஷம் ஆகிறது. அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. கடன் அடைந்த மாசத்துப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். பெரிதாக எதுவும் எழுதவில்லை. வட்டி என்று மாசா மாசம் வருகிற வரிக்கு நேரே ஒரு கோடு. அதற்குக் கீழே மூன்று நாளைக்குக் கூலி வரவு இல்லை. காய்ச்சலோ என்று நினைத்தேன். அக்காவிடம் கேட்டபோது சொன்னாள்: “காச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. வண்டி வந்து ஆரன் அடிச்சது. அம்மா திண்ணையில உக்காந்துக்கிட்டு, இன்னைக்கு வரல, போங்கன்னுட்டா. மூணு நாளும் அப்படித்தான். வெத்திலை வாங்கியாரச் சொன்னா.”

நோட்டில் பார்த்தேன். வெத்திலை பாக்கு, ஒரு ரூபாய் என்று எழுதியிருக்கிறது.